குளிர்நாட்டு வளவில் எந்தப் பனையை நடலாம்?

2011 மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை, எங்கள் லண்டன் வீட்டுப் பின்வளவில் நின்ற பேரீச்சையின் குருத்தைப் பிடித்து மெல்ல இழுத்தேன். கொஞ்சமும் இறுக்கமில்லாமல் கையோடு வந்துவிட்டது. ஒரு முழ நீளம் இருக்கும். மேற்பாதி பச்சையாகத்தான் இருந்தது. அடிப்பக்கம் பழுப்பாகக் கூழாகி, கெட்டுப்போன கள்ளின் மணம் அடித்தது. சுற்றியிருந்த ஓலைகள் அன்றைக்கும் பச்சைதான். மே மாதம் வரைக்கும் அப்படியே நின்றன. ஆனால் மரம் முடிந்துவிட்டது என்று அந்த நிமிடமே தெரிந்தது. மாமரம் என்றால் அடியில் வெட்டினாலும் பக்கத்தில் துளிர்க்கும். பனைக்கும் தென்னைக்கும் பேரீச்சைக்கும் உயிர் இருப்பது உச்சியில் உள்ள அந்த ஒரே குருத்தில்.

ஐந்து வருடம் வளர்த்த மரம். வாங்கும்போது அட்டையில் ‘மைனஸ் 10 பாகை வரை தாங்கும்’ என்று போட்டிருந்தது. 2010 டிசம்பர் பிரித்தானியா நூறு ஆண்டுகளில் காணாத குளிர் டிசம்பர்; மத்திய இங்கிலாந்தில் அந்த மாதத்தின் சராசரி வெப்பநிலையே மைனஸ் 0.7. ஆனாலும் எங்கள் வேலியோரம் தொங்கிய வெப்பமானி மைனஸ் 9க்குக் கீழே இறங்கவில்லை. அட்டைக் கணக்குப்படி மரம் பிழைத்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு எங்கள் வளவிலும் நண்பர்களின் வளவுகளிலுமாக வேறு வேறு பனைகளை நட்டும் பார்த்தும் வருகிறேன். ஊரில் பனையும் தென்னையும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இங்கே வேலியோரம் ஒரு ஓலை அசைவதைப் பார்த்தால் வருகிற நிம்மதி தனி. அதனால்தான் பலரும் கேட்கிறார்கள்: “ஒரு மரத்துக்குத்தான் இடம் இருக்கு, எதை வைக்கலாம்?” அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த அட்டை எண்ணைப் பற்றி. அது பொய் என்று சொல்லமாட்டேன். வேர் ஊன்றி, தண்டு பருத்த மரம், காய்ந்த குளிரில், ஓரிரு இரவுகளுக்கு எவ்வளவு தாங்கும் என்பதற்கான கணக்கு அது. லண்டன் குளிர் அப்படியான குளிர் அல்ல. நவம்பரிலிருந்து மழையும் தூறலும். குருத்தின் மடிப்புக்குள் தண்ணீர் தேங்கும். அது உறையும், உருகும், மறுபடி உறையும். உறைந்து வெடித்த இழையில் பூஞ்சை ஏறும். மரத்தைக் கொல்வது பெரும்பாலும் அந்த ஒரு இரவின் குளிர் அல்ல, பிறகு இரண்டு மாதம் நடக்கிற அழுகல். ஊரில் தென்னைக்கு வருகிற குருத்தழுகலோடு ஒப்பிட்டால் புரியும். ஊரிலே அழுகிய பகுதியைச் சுரண்டி, போர்டோக் கலவை என்ற பூஞ்சை மருந்தைப் பூசுவார்கள். இங்கே வீட்டுத் தோட்டத்துக்கு அது விற்பனையில் இல்லை. ஆகவே அழுகல் வராத மரத்தைத் தெரிவுசெய்வதுதான் வழி.

இரண்டாவது, கோடை. இதை யாரும் அட்டையில் போடுவதில்லை. பனைகள் வளர்வதற்குச் சூடு வேண்டும். லண்டனில் ஜூலை மாதப் பகல் வெப்பம் சராசரியாக 23, 24 பாகைதான். குளிரை நன்றாகத் தாங்கினாலும், கோடையில் ஒரு ஓலைகூட விடாத மரம் பனிக்காலத்தில் இழந்ததை ஈடுகட்ட முடியாமல் வருடா வருடம் சிறுத்துக்கொண்டே போகும். எனவே எந்த மரத்தைப் பற்றியும் நான் கேட்கும் கேள்விகள் இரண்டு: ஈரத்தோடு வரும் குளிரைத் தாங்குமா? நம்முடைய இளஞ்சூட்டுக் கோடையில் வளருமா?

இரண்டுக்கும் ஆம் என்று பதில் சொல்கிற மரம் சூசான் பனை. டிராக்கிகார்பஸ் ஃபோர்ச்சூனி என்பது தாவரவியல் பெயர். ஸ்கொட்லாந்துத் தாவரச் சேகரிப்பாளர் ரொபர்ட் ஃபோர்ச்சூன் சீனக் கடலோரத்துச் சூசான் தீவில் இதைக் கண்டு, 1849இல் கியூ தாவரத் தோட்டத்துக்கு அனுப்பினார். அங்கிருந்து ஒன்று விக்டோரியா அரசியின் வைட் தீவு மாளிகையான ஒஸ்போர்ன் ஹவுஸுக்குப் போனது. அன்றிலிருந்து பிரித்தானியாவில் வெளியில் நின்று வளர்கிற பனை என்றால் பெரும்பாலும் இதுதான். நன்றாக ஊன்றிய மரம் மைனஸ் 15 வரைகூடத் தாங்கியிருக்கிறது.

இதன் தண்டைக் கிட்ட நின்று பார்த்தால் நமக்கு அந்நியமாகத் தெரியாது. தென்னை மட்டையின் அடியில் இருக்குமே பன்னாடை, அதேபோன்ற முரட்டு நார்வலை தண்டு முழுவதும் சுற்றியிருக்கும். கபில நிறம், தொட்டால் தும்பு போலச் சொரசொரப்பு. சீன விவசாயிகள் அந்த நாரில் மழைக்கோட்டும் கயிறும் செய்தார்கள். சிலர் அழகுக்காக அதை உரித்துத் தண்டை மொட்டையாக்குகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். மரத்துக்கு அது குளிர்ச்சட்டை. பனையைப் போலவே இதிலும் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. கோடைத் தொடக்கத்தில் மஞ்சள் பாளை வெடிக்கும். பக்கத்தில் ஆண் மரம் இருந்தால் பெண் மரத்தில் கருநீலக் காய்கள் குலையாகத் தொங்கும்.

லண்டன் களிமண் இதற்குப் பிரச்சினை இல்லை. தண்ணீர் தேங்காமல் இருந்தால் போதும். கோடையில் தண்ணீரும் நைதரசன் உரமும் தாராளமாகக் கொடுத்தால், ஊன்றிய பிறகு வருடத்துக்கு ஒரு சாண் தண்டு ஏறும். குறை என்றால் ஒன்றுதான், காற்று. ஓலை பெரியது, மட்டை நீளம், நுனிகள் மடிந்து தொங்கும். திறந்த இடத்தில் நின்றால் மேல்காற்று அடித்து அடித்து, மார்ச் மாதம் வரும்போது ஓலை எல்லாம் கிழிந்த கொடி மாதிரி ஆகிவிடும். மரம் சாகாது, ஆனால் பார்க்க மனம் கஷ்டப்படும்.

அதற்குத்தான் வாக்னேரியானஸ் இருக்கிறது. சூசான் பனையின் நெருங்கிய உறவு. தனி இனம் என்பாரும் உண்டு, அதே இனத்தின் ஒரு வகை என்பாரும் உண்டு. இயற்கைக் காட்டில் இதை யாரும் கண்டதில்லை. ஜப்பானில் தோட்டங்களில் வளர்ந்து வந்தது. ஓலை சிறியது, விசிறியை முழுதாக விரித்துப் பிடித்தது போல விறைப்பாக நிற்கும். இளம் ஓலையின் விளிம்பில் மெல்லிய வெள்ளைத் தும்பு ஓடியிருக்கும். காலை வெயிலில் பார்த்தால் சேலைக் கரை போலத் தெரியும். குளிரைச் சூசான் பனை அளவுக்கே தாங்குகிறது. காற்றுக்கு அசைவதே இல்லை என்று சொல்லலாம். சிறு வயதில் கொஞ்சம் மெதுவாக வளரும், விலையும் கூட. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பன்னிரண்டு வருடம் பார்த்த பிறகு, எனக்கு ஒன்றுதான் வைக்கலாம் என்றால் இதைத்தான் வைப்பேன். தூரத்திலிருந்து பார்க்கையில் ஒரு வடலியின் தலை மாதிரியே இருக்கும். அந்தக் காரணமும் எனக்குப் பெரிய காரணம்தான்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. சுவிட்சர்லாந்தில் டிசினோ மாநிலத்தில் சூசான் பனை தோட்டங்களை விட்டுக் காட்டுக்குள் பரவி, அடியில் வேறு செடிகளை வளரவிடாமல் நிறைந்துவிட்டது. 2024 செப்டம்பர் 1 முதல் அந்த நாட்டில் இதை விற்கத் தடை. அங்கே உள்ள உறவினர் ஒருவர் “உங்கட மரத்திலிருந்து விதை அனுப்புங்கோ” என்று கேட்டார். அனுப்பவில்லை. பிரித்தானியாவில் அந்தத் தடை இல்லை. ஆனாலும் காட்டோரத்தில் வீடு இருந்தால், பெண் மரத்தின் குலையைக் காய் பழுக்கும் முன் வெட்டிவிடுவது நல்லது.

அடுத்தது கமேரோப்ஸ் ஹியூமிலிஸ், மத்தியதரைக் கடலோரத்துக் குட்டைப் பனை. ஐரோப்பாவின் சொந்தப் பனைகளில் இது ஒன்று. இத்தாலியின் பாதுவா தாவரத் தோட்டத்தில் 1585இல் நட்ட ஒன்று இன்றும் கண்ணாடிக் கூண்டுக்குள் நிற்கிறது. ஜெர்மன் கவிஞர் கதே 1786இல் அதைப் பார்த்துத்தான் செடிகளின் உருமாற்றம் பற்றிச் சிந்திக்கத் தொடங்கினார் என்பதால் அதற்குக் கதேயின் பனை என்றே பெயர்.

இந்த மரத்தின் பெரிய பலம், இது ஒற்றைக் குருத்தை நம்பி நிற்பதில்லை. அடியிலிருந்து பல தண்டுகள் கிளைத்துப் புதராக வளரும். ஒரு குருத்து அழுகினாலும் மற்றவை நிற்கும். குருத்தைக் கையோடு இழுத்தெடுத்த அனுபவம் உள்ளவர்களுக்கு அந்த ஆறுதலின் அருமை தெரியும். மைனஸ் 10 வரை நம்பலாம். ஆனால் நாள் முழுக்க வெயில் வேண்டும், மண்ணில் மணலும் சிறுகல்லும் கலந்திருக்க வேண்டும். வடக்குப் பார்த்த ஈரமான மூலையில் வைத்தால் பிழைத்துக் கிடக்குமே தவிர வளராது. மட்டையில் முள் வரிசை உண்டு, பனங்கருக்கைவிடக் கூர்மை. சின்னப் பிள்ளைகள் ஓடுகிற பாதையோரம் வைக்கக்கூடாது. மொரோக்கோவின் அட்லஸ் மலையிலிருந்து வந்த வெள்ளிநீல வகை மிகவும் அழகு, மிகவும் மெதுவும். முன்வாசல் சாடியில் வைப்பதற்கு என்று யாராவது கேட்டால் நான் யோசிக்காமல் சொல்வது கமேரோப்ஸைத்தான். சாடியில் வேர் நாலு பக்கமும் குளிருக்குத் திறந்திருக்கும் என்பதால், உறைபனி இரவுகளில் சாடியைச் சுவரோரம் தள்ளி, சாக்கால் சுற்றிவிட வேண்டும்.

சரி, என்னிடம் செத்த அந்த மரத்துக்கு வருவோம். கனரித் தீவுப் பேரீச்சை. கடைகளில் மனதை அள்ளுவது இதுதான். இறகு போன்ற ஓலை, வளைந்த தலை, தென்னையின் சாயல். விலையும் மலிவு, வளர்ச்சியும் வேகம். தெற்குக் கரையோர ஊர்களிலும் மத்திய லண்டனின் சுவர்கள் சூழ்ந்த முற்றங்களிலும் மிகப் பெரிய மரங்கள் நிற்கின்றன. நகரத்தின் கட்டிடச் சூடு அவற்றைக் காக்கிறது. அதைப் பார்த்துத்தான் நானும் வாங்கினேன். ஆனால் நகர எல்லையில், தாழ்வான நிலத்தில், குளிர்காற்று வந்து தேங்கும் எங்கள் வளவுக்கு அது பொருந்தவில்லை. மைனஸ் 6 தொட்டாலே ஓலை கருகத் தொடங்குகிறது. மைனஸ் 8, 9இல் ஈரத்தோடு சில இரவுகள் இருந்தால் குருத்து போய்விடுகிறது. 2022 டிசம்பர் குளிரிலும் தெரிந்தவர்கள் சிலர் இதை இழந்தார்கள்.

வேறு இரண்டு சங்கடங்களும் உண்டு. வெட்டுகிற வாள் மூலம் மரத்துக்கு மரம் பரவும் ஃபியூசேரியம் வாடல் நோய் ஒன்று இந்த மரத்துக்கென்றே இருக்கிறது, மருந்து கிடையாது. மற்றது ஊரில் தென்னையைத் துளைக்கும் அதே சிவப்புக் கூன்வண்டு. நம்முடைய பக்கத்து வண்டுதான். ஸ்பெயின், இத்தாலி, தென் பிரான்ஸ் எங்கும் போய்க் கனரிப் பேரீச்சைகளை ஆயிரக்கணக்கில் சாய்த்துவிட்டது. உங்கள் வீடு கடலோரத்திலோ நகர நடுவிலோ இருந்து, முற்றத்தில் ஆறு மீற்றர் அகலத்துக்குத் தலை விரிய இடமும் இருந்தால், வையுங்கள். இல்லாவிட்டால் அழகைப் பார்த்து ஏமாற வேண்டாம். வாஷிங்டோனியா என்ற விசிறி ஓலைப் பனைக்கும் இதே பதில், இன்னும் உறுதியாக.

இறகு ஓலைதான் வேண்டும், தென்னையின் ஞாபகம் வேண்டும் என்பவர்களுக்கு இரண்டு மரங்கள் இருக்கின்றன. இரண்டுமே தென்னையின் நெருங்கிய சொந்தம். கொட்டையைப் பார்த்தால் தேங்காயின் மூன்று கண்ணும் சின்னதாக இருக்கும்.

ஒன்று பூட்டியா. தென் பிரேசில், உருகுவே நாட்டு மரம். நீலச் சாம்பல் ஓலைகள் வில்லாக வளைந்து நிலத்தை நோக்கி இறங்கும். பழம் இனிப்பும் புளிப்புமாக இருக்கும், ஆனால் லண்டன் கோடைக்குக் காய்ப்பதை எதிர்பார்க்கக் கூடாது. மைனஸ் 8, 10 வரை தாங்கும் என்றாலும் குருத்தில் மழைத் தண்ணீர் நிற்பது இதற்குப் பிடிக்காது. பனிக்காலத்தில் ஓலைகளைச் சேர்த்துக் கட்டி, மேலே மழை விழாதபடி ஒரு மறைப்பு வைத்தால் காப்பாற்றலாம். வருடா வருடம் அந்த வேலையைச் செய்ய மனமிருப்பவர்களுக்கு இது நல்ல தெரிவு.

மற்றது ஜுபேயா, சிலி நாட்டுப் பனை. உலகத்தில் பனைகளிலேயே மிகப் பருத்த தண்டு உள்ளவற்றில் ஒன்று. ஒரு மீற்றருக்கு மேல் குறுக்களவு. இளம் பூட்டியாவைவிட ஈரக் குளிரை நன்றாகவே தாங்குகிறது. மைனஸ் 12 வரையும் நின்ற மரங்கள் உண்டு. 1834இல் சார்ள்ஸ் டார்வின் சிலியின் கம்பானா மலைக்கு ஏறியபோது இந்த மரக்காடுகளையும், இதன் சாற்றைக் காய்ச்சிப் பாணி எடுப்பதையும் பார்த்து எழுதியிருக்கிறார். நம்முடைய பனம்பாணி போலத்தான். ஆனால் நாங்கள் பாளையைச் சீவி, மரத்தைக் காப்பாற்றிக்கொண்டே பதநீர் எடுப்போம். அங்கே மரத்தையே வெட்டிச் சாய்த்து, தலைப்பக்கத்தை நாள்தோறும் சீவிச் சீவிச் சாறு வடித்தார்கள். அப்படியே காடு அருகிப்போய், இப்போது பாதுகாக்கப்பட்ட மரமாக இருக்கிறது.

ஜுபேயாவின் ஒரே கேள்வி காலம். விதையிலிருந்து தண்டு தெரியவே பத்து, பதினைந்து வருடம். நண்பர் ஒருவர் மகள் பிறந்த வருடம் முழங்கால் உயரச் செடியை நட்டார். மகள் இப்போது உயர்தர வகுப்பில் படிக்கிறாள். மரம் ஆளுயரம் தாண்டிவிட்டது, தண்டு இன்னும் நிலத்தோடுதான். ஆனால் ஒரு குளிரிலும் அதன் குருத்து அசையவில்லை. சொந்த வீடு, அங்கேயே இருக்கப்போகிறோம், பிள்ளைகள் காலத்துக்கும் நிற்கட்டும் என்று நினைப்பவர்களுக்கு இதைவிட நல்ல மரம் எனக்குத் தெரியாது.

உலகத்திலேயே குளிரை அதிகம் தாங்கும் பனை என்று தேடினால் ஊசிப் பனைதான் முதலில் வரும். அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களின் மரம், மைனஸ் 20 வரை தாங்கும். அட்டை எண்ணை மட்டும் பார்த்தால் எல்லோரும் இதைத்தான் வாங்க வேண்டும். ஆனால் அங்கே கோடை என்றால் புழுங்கும் கோடை. இங்கே அது வருடத்துக்கு ஒரு ஓலை விட்டாலே பெரிது. அதே பக்கத்துக் குட்டைச் சபால் பனைக்கும் இதுவே கதை. ஜெர்மனியின் ரைன் பள்ளத்தாக்கு போலக் கோடைச் சூடும் கடுங்குளிரும் சேர்ந்த இடங்களில் இருப்பவர்கள் யோசிக்கலாம். லண்டனிலும் ஸ்கொட்லாந்திலும் வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். தென்மேற்கு இங்கிலாந்தின் டோர்க்கீ பக்கம் கடற்கரைத் தெருவெல்லாம் நிற்கிற, வாள் போன்ற ஓலைக் கொத்துள்ள மரத்தை ‘டோர்பே பனை’ என்று விற்பார்கள். அது பனையே அல்ல. நியூசிலாந்தின் கோர்டிலைன். மோசமான மரம் என்று சொல்லவில்லை. உறைபனியில் மேலே கருகினாலும் பல சமயம் அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும். பனை வேண்டும் என்று போய் அதை வாங்கி வந்துவிடாதீர்கள், அவ்வளவுதான்.

ஆக, தெரிவு உங்கள் வளவின் நிலையைப் பொறுத்தது. களிமண், அரைநிழல், வேலி மறைப்பு உண்டு, சீக்கிரம் உயர வேண்டும் என்றால் சூசான் பனை. காற்றடிக்கும் இடம், சின்ன வளவு என்றால் வாக்னேரியானஸ். வெயில் விழும் முன்வாசல், கல்நிலம், சாடி என்றால் கமேரோப்ஸ். பொறுமையும் நிலமும் இருந்தால் ஜுபேயா. வடக்கு இங்கிலாந்திலோ ஸ்கொட்லாந்தின் உட்பகுதியிலோ இருப்பவர்கள் சூசான், வாக்னேரியானஸ் இரண்டைத் தாண்டி யோசிக்காமல் இருப்பது பணத்துக்கும் மனதுக்கும் நல்லது.

எதை எடுத்தாலும் நடுவது ஏப்ரல் கடைசிக்கும் ஜூனுக்கும் இடையில் இருக்கட்டும். பனை வேர் சூடான மண்ணில்தான் ஓடும். இலையுதிர் காலத்தில் தள்ளுபடி விலைக்கு வாங்கி நட்ட மரம் வேர் விடாமலே பனிக்காலத்துக்குள் போகும். ஆளுயரத் தண்டுள்ள மரத்தைவிட இடுப்பளவு மரத்தை வாங்குங்கள். பெரிய மரங்கள் அநேகமாக இத்தாலி, ஸ்பெயின் நாற்றுமேடைகளில் வேரை வெட்டித் தோண்டி எடுத்தவை. பழையபடி வேர் பிடிக்க இரண்டு, மூன்று வருடம் ஆகும், அதற்குள் ஒரு கடுங்குளிர் வந்தால் தாங்காது. கடையில் தண்டைப் பிடித்து லேசாக அசையுங்கள். சாடிக்குள் ஆடினால் வேர் இல்லை. நடுக்குருத்தை மெல்ல இழுத்துப் பாருங்கள். சற்றே நெகிழ்ந்தாலும் விட்டுவிட்டு வாருங்கள்.

முதல் மூன்று பனிக்காலங்களில் மைனஸ் 5க்குக் கீழே போகும் என்று அறிவித்தால் மட்டும் ஓலைகளை மேல்நோக்கிச் சேர்த்துக் கட்டி, தோட்டக்காரர் பயன்படுத்தும் வெள்ளைத் துணியை இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். பொலித்தீன் வேண்டாம், உள்ளே வேர்த்து அழுகும். குளிர் தணிந்ததும் அவிழ்த்துவிடுங்கள். மாதக்கணக்கில் மூடிவைத்த மரத்தில்தான் அழுகலை அதிகம் பார்த்திருக்கிறேன்.

ஏப்ரலில் குருத்தும் பக்கத்து ஓலையின் மட்டையும் சேரும் இடத்தில், இரண்டிலும் படும்படி அழியாத பேனாவால் குறுக்கே ஒரு கோடு போட்டுவையுங்கள். மூன்று வாரம் கழித்துப் பார்க்கும்போது குருத்தில் இருக்கும் பாதிக்கோடு மற்றதைவிட ஒரு விரற்கடை மேலே ஏறியிருந்தால், மரம் பனிக்காலத்தைக் கடந்துவிட்டது. அன்றைக்கே தண்ணீரும் உரமும் தொடங்கலாம்.